சுவர்க்கத்தின் சாவி எவர் கையில்?

 

நாம் ஆலிம் அல்லோம். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் சில வகுப்புகள் படித்ததுமே நம்முடைய கல்வி. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கற்றவை. ஆகவே பத்வாச் சொல்லுவது நம் நோக்கமன்று. ஆலிம்களிடம் கேட்டும், தமிழ்த் தர்ஜமாவைப் புரட்டியும் தெளிந்துகொண்ட ஒரு விஷயத்தை நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

"எங்கள் மதம் ஒன்றே மெய், மற்றவையெல்லாம் பொய், எங்களைத் தவிர வேறெவருக்கும் ஈடேற்றம் இல்லை" என்று மேடையேறி முழங்குகின்ற தலைவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். முன்னெல்லாம் அவர்கள் பேச்சு மைதானத்தோடு நின்றது. இன்று அது கைத்தொலைபேசியில் ஏறி, நம் கடை வாசலில் நிற்கும் வாடிக்கைக்காரர் காதுக்குள் நுழைந்துவிடுகிறது.

நாம் பிழைக்கின்ற இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலைக்குப் பெயரே ஜாலான் பெர்ஹாலா, அதாவது விக்கிரகச் சாலை. அங்கே 1894இல் சிங்களவர் தொடங்கிய பௌத்த மகா விகாரை இருக்கிறது. சற்று நடந்தால் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில். ஜெபமாலை மாதா கோயிலும் அதே வட்டாரந்தான். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாப் பக்கம் போனால் நம் இந்தியப் பள்ளிவாசலிலிருந்து லூர்து மாதா கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். தீபாவளிக்குச் சேலையும் பொங்கலுக்குப் பானையும் விற்று நோன்புப் பெருநாளைக் கொண்டாடுகின்ற கூட்டம் நாம்!

நம் கடைக்கு இருபது வருஷமாகச் சாமான் வாங்க வருகின்ற ஓர் இந்து அம்மையார் ஒருநாள் பருப்பை நிறுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ஏன் பாய், பேரன் போனிலே உங்க ஆளு ஒருத்தர் பேசினதைக் கேட்டேன். நாங்க எல்லாரும் நரகத்துக்குத்தான் போவோமாமே, நிசமா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. பருப்பு விலையைக் கேட்பதுபோலவே கேட்டார். அந்த இடத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி என்ன சொல்லவேண்டும்?

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அல்லாஹ்விடத்தில் ஏற்கப்படும் மார்க்கம் இஸ்லாமே என்பது ஆலு இம்ரான் சூராவில் 19ஆம் ஆயத்திலும் 85ஆம் ஆயத்திலும் வருகிறது. இதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. வியாபாரம் கெட்டுப்போகுமே என்று அஞ்சி, "எல்லா மதமும் ஒண்ணுதாங்க" என்று குழைகின்ற சிலரை நாம் அறிவோம். அது மரியாதையன்று, கல்லாப்பெட்டிக்காக ஈமானைக் குறைத்து நிறுப்பது. கேட்கின்றவரும் அதனை நம்புவதில்லை. கோயில் குருக்களும், மாதா கோயில் பாதிரியாரும், விகாரையின் பிக்குவும் தத்தம் வழியே மெய் என்று நம்பித்தானே அங்கே அமர்ந்திருக்கிறார்கள்? நம்பிக்கை என்றால் அப்படித்தான் இருக்கும். இதிலே குற்றம் யாதுமில்லை.

ஆனால் திருமறை அதோடு நிற்கவில்லை. மதீனாவில் யூதர்கள், யூதரைத் தவிர எவரும் சுவர்க்கம் புகார் என்றார்கள். கிறிஸ்தவர்கள், தங்களைத் தவிர எவரும் புகார் என்றார்கள். சூரத்துல் பகராவின் 111ஆம் ஆயத்து இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, இவை அவர்களுடைய வெறும் ஆசைகள் என்று தள்ளிவிடுகிறது. உண்மையானால் ஆதாரம் காட்டட்டும் என்று கேட்கிறது. 113ஆம் ஆயத்தோ, இருசாராரும் ஒருவரையொருவர் அடிப்படை அற்றவர் என்று ஏசிக்கொண்டதைச் சொல்லி, அவர்கள் பிணக்கில் தீர்ப்பளிப்பது கியாமத்து நாளில் அல்லாஹ்வின் வேலை என்று முடிக்கிறது.

இதனை ஓதிவிட்டு, "பார்த்தீர்களா, அவர்களுக்கு நல்ல அடி" என்று மகிழ்கின்றவர்கள் சூரத்துன் னிஸாவின் 123ஆம் ஆயத்துக்கும் வரவேண்டும். முஸ்லிம்களும் வேதக்காரரும் "யார் மேல்?" என்று பெருமை பேசிக்கொண்டபோது இறங்கியது அது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். காரியம் உங்கள் ஆசைப்படியும் நடவாது, வேதக்காரரின் ஆசைப்படியும் நடவாது. தீமை செய்தவன் அதற்குரிய கூலியைப் பெற்றே தீருவான் என்பது அதன் கருத்து. 'உங்கள்' என்பதுதான் அங்கே முதலில் நிற்கிறது. அந்த 'உங்கள்' யார், சகோதரர்களே? யூதரா? கிறிஸ்தவரா? இல்லை, நாம்தாம்!

எவரும் தம் அமலைக் கொண்டு மாத்திரம் சுவர்க்கம் புகுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, "தாங்களுமா?" என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்து தம்மைப் போர்த்திக்கொண்டாலன்றித் தாமும் இல்லை என்பதே அவர்கள் தந்த மறுமொழி. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. ஈருலகத்துக்கும் தலைவரானவர்களே இப்படிச் சொல்லியிருக்க, மேடையில் நின்று அனுமதிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர் எங்கே அதனை அச்சடித்தார்?

இன்னொன்றும் உண்டு. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லை. அவர்கள் தம்முடைய 'பைஸலுத் தஃப்ரிகா' என்னும் கிதாபில், தங்கள் காலத்து ரோமாபுரிக் கிறிஸ்தவரையும் துருக்கரையும் நினைத்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார்கள். இஸ்லாத்தில் இல்லாத மக்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நாயகத்தின் பெயரே காதில் விழாதவர் ஒரு வகை. முஸ்லிம்களோடு பழகி, நாயகத்தின் குணத்தையும் சத்தியத்தையும் உள்ளபடி அறிந்தும் மறுத்தவர் இன்னொரு வகை. மூன்றாவது வகையினர், பெயரைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் சிறுவயது முதல் கோணலாக, பொய்யாக மட்டுமே கேட்டிருக்கிறார்கள். முதல் வகையாருக்கும் மூன்றாம் வகையாருக்கும் அல்லாஹ்விடத்தில் மன்னிப்பு உண்டென்பதே இமாம் அவர்களின் முடிவு.

இதனை ஓர் ஆலிம் நமக்கு விளக்கியபோது நமக்குத் தோன்றியதைச் சொல்கிறோம். அந்த மூன்றாம் வகையை இன்று உண்டாக்குகின்றவர் யார்? இஸ்லாத்தின் பெயரால் அடுத்தவன் சாமியை ஏசி, அவன் தாயை நரகத்துக்கு அனுப்பி, கைதட்டு வாங்குகின்ற நம் பேச்சாளர்தானே! அம்மையாரின் பேரன் இஸ்லாத்தைப் பற்றிக் கேட்ட முதற் செய்தி அந்த ஏச்சு. நாளை அல்லாஹ்வின் சன்னிதானத்தில் அந்தப் பிள்ளைக்குச் சாக்கு உண்டு. பேச்சாளருக்கு உண்டா?

ஆகவே அம்மையாருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "அக்கா, எங்க மார்க்கம் உண்மைன்னு நான் நம்புறேன், அதை மறைக்கமாட்டேன். ஆனா யாரு எங்கே போவாங்கன்னு எழுதுற பேனா என் கையிலே இல்லே. என் கணக்கே என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன்." அவர் சிரித்துவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு போனார். மெய் எது என்று சாட்சி சொல்லுவது நம்மேல் கடமை. மனிதனுடைய கதி என்ன என்று நிறுப்பது மீஸான் உடையவனுடைய வேலை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதிலேதான் வினை இருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் இவ்விரண்டையும் எப்படிப் பிரித்து வைத்தார்கள் என்பதற்கு நஜ்ரான் சம்பவம் சான்று. யமன் பக்கமிருந்து நஜ்ரான் கிறிஸ்தவர்கள் 60 பேர் மதீனாவுக்கு வந்தார்கள். பள்ளிவாசலில் இருக்கும்போது அவர்களுடைய வணக்க நேரம் வந்தது. தடுக்கப் பார்த்தவர்களை நாயகம் அவர்கள் விலக்கினார்கள். வந்தவர்கள் அங்கேயே கிழக்கு நோக்கி வணங்கினார்கள் என்று இப்னு இஸ்ஹாக்கின் சீராவில் வருகிறது. பிறகு ஈஸா (அலை) அவர்களைப் பற்றி வாதம் நடந்தது. சாதாரண வாதமா? ஆலு இம்ரானின் ஆயத்துகள் இறங்கின; பொய்யர்மேல் அல்லாஹ்வின் சாபம் இறங்கட்டும் என்று இருசாராரும் கூடிக் கேட்கலாம் என்ற அளவுக்குப் போயிற்று. அவர்கள் அதற்கு உடன்படவில்லை, இஸ்லாத்துக்கும் வரவில்லை. நாயகம் அவர்கள் தம் சொல்லில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. கடைசியில் நடந்தது என்ன? உடன்படிக்கை! வரியாக ஆண்டுக்கு 2,000 ஆடைகள் அவர்கள் தருவது. அவர்களுடைய உயிருக்கும், உடைமைக்கும், மார்க்கத்துக்கும், கோயிலுக்கும், பாதிரிமாருக்கும் முஸ்லிம்கள் பாதுகாப்புத் தருவது. கருத்து வேற்றுமை அப்படியே இருந்தது. வந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

நம் நாட்டில் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கத்தோலிக்கரின் 'ஹெரால்ட்' என்ற வாரப் பத்திரிகை ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. மலாய்ப் பக்கத்தில் கடவுளைக் குறிக்க 'அல்லாஹ்' என்ற சொல்லை எழுதக்கூடாது என்று உள்துறை அமைச்சு தடுத்தது. வழக்கு நடந்தது. 2009 டிசம்பர் 31இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் தீர்த்தது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2014 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் எழுவரில் நால்வர், இனி விசாரிக்க இடமில்லை என்று முடித்தார்கள். சட்டத்தின் வழக்கைச் சட்டம் அறிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நடுவிலே நடந்ததுதான் நமக்குப் பாடம். முதல் தீர்ப்பு வந்த சில நாளில், 2010 ஜனவரி 8இல், டேசா மெலாவாத்தியில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் அலுவலகம் எரிக்கப்பட்டது. வேறு பல ஆலயங்களும் தாக்கப்பட்டன. சீக்கியர் வேதத்திலும் அந்தச் சொல் உண்டு. செந்தூல் குருத்வாராமீதும் கல் விழுந்தது. அம்மாதக் கடைசியில் தலைநகரை அடுத்த பள்ளிவாசல்களில் அறுத்த பன்றித் தலைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அல்லாஹ்வின் திருநாமத்தைக் காக்கப் புறப்பட்டதாகச் சொன்னவர்கள் அல்லாஹ்வின் வீட்டுக்கு வாங்கித் தந்த வெகுமதி அது. பிறர் அழைக்கின்றவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்ற கருத்தில் சூரத்துல் அன்ஆமின் 108ஆம் ஆயத்து எச்சரித்திருக்கிறதே, அதனை ஓதாமலா இருந்தார்கள்? நியாயம் சொல்லவேண்டுமானால், அவ்வேளையில் பாஸ் கட்சித் தலைமையே, வேதக்காரர் அச்சொல்லை வழங்குவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று என்று அறிக்கை விட்டது. அரபு நாட்டுக் கிறிஸ்தவர் ஆதிமுதல் அல்லாஹ் என்றுதான் சொல்லிவருகிறார்கள்.

இதிலே தமிழ் முஸ்லிமுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதே ஹெரால்டின் தமிழ்ப் பக்கத்தைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. ஏன்? நாம் 'ஆண்டவன்' என்கிறோம். இந்துவும் 'ஆண்டவன்' என்கிறார். கிறிஸ்தவர் 'ஆண்டவர்' என்கிறார். இறைவன் என்ற சொல் மூவருக்கும் பொது. நாம் நோன்பு பிடிக்கிறோம். அவர்களும் நோன்பு என்கிறார்கள். குர்ஆனைத் திருமறை என்கிறோம். மறை என்பது நால்வேதத்துக்கும் பெயர். பள்ளி என்ற சொல்லோ, நாம் வருமுன்னே சமணரும் பௌத்தரும் தங்கள் இடத்துக்கு வைத்திருந்தது! உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது தமிழ்க் காப்பியத்தின் ஆற்றையும் நாட்டையும் கொண்டுதான் நாயகத்தின் சரிதையைப் பாடினார். இத்தனை நூற்றாண்டில் இதனால் எந்தத் தமிழ் முஸ்லிமாவது தடுமாறிப்போய்க் கோயிலுக்குள் நுழைந்துவிட்டானா? சொல்லைப் பொதுவில் வைத்துக்கொண்டே ஈமானைத் தனியே காத்து வந்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கைப்பழக்கம் நமக்கு இருக்கிறது என்பதை மலாய்ச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. நாம் அதைச் செய்வது போதாது.

சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டவன் எதுவரைக்கும் போவான் என்பதற்கு நம் மொழி பேசும் இலங்கை முஸ்லிம்களின் கதையைப் பார்க்கவேண்டும். மட்டக்களப்புக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் காத்தான்குடி. அங்கே ஸஹ்ரான் ஹாஷிம் என்ற பிரசங்கி, நல்ல தமிழில், கேட்போர் மயங்கும்படி பேசினான். அவன் முதலில் காபிர் என்று தள்ளியது கிறிஸ்தவரை அல்ல, பௌத்தரையும் அல்ல. தன் ஊரிலேயே, தன்னைப்போலவே கலிமாச் சொல்லித் தொழுகின்ற தரீக்காக்காரரை! 2017 மார்ச்சில் அந்தச் சண்டை தெருவுக்கு வந்து வாள்வீச்சில் முடிந்தது; அவன் தலைமறைவானான். ஊர் முஸ்லிம்கள் அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டும் கேட்பாரில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பில் பெரிய ஓட்டல்கள். 260 பேருக்கு மேல் மாண்டார்கள். சீயோன் ஆலயத்தில் செத்தவர்களில் பலர் தமிழ் பேசும் குழந்தைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதன்பின் வந்ததை வியாபாரிகள் கவனிக்கவேண்டும். அடுத்த மே மாதம் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் கும்பல் கிளம்பி முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தது. முஸ்லிம் கடையில் வாங்காதே என்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. ஸஹ்ரானின் முகத்தைக்கூடப் பார்த்திராத துணிக்கடைக்காரரும் ஓட்டல்காரரும் அவனுடைய கடனைக் கட்டினார்கள்.

அவனைப் போன்றவர் நம் நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சின் சிறிய சில்லறை இங்கேயும் புழங்குகிறது என்றுதான் சொல்கிறோம். 2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில் டாக்டர் ஜாகிர் நாயக் பேசியபோது, இந்நாட்டு இந்துக்கள் மலேசியப் பிரதமரைவிட இந்தியப் பிரதமரிடமே பற்றுள்ளவர்கள் என்ற பொருள்படச் சொன்னது பெரிய கொந்தளிப்பாயிற்று. தம் பேச்சு திரிக்கப்பட்டது என்றார். மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். போலீசார் அவரை நாடெங்கும் பொதுமேடையில் பேசவேண்டாமென்று தடுத்தார்கள். மதங்களை நிறுக்க வந்த தராசு, மனிதரின் நாட்டுப்பற்றை நிறுக்கத் தொடங்கிவிட்டதைக் கவனியுங்கள். அதே பருவத்தில், முஸ்லிம் பொருளையே முதலில் வாங்குவோம் என்ற இயக்கமும் கிளம்பியது. நமக்கு அதனால் நாலு காசு கூடுதலாக வந்திருக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: மலாய்க்காரர் முதலில் மலாய்க்காரரிடம், சீனர் சீனரிடம், இந்து இந்துவிடம் என்று தெரு பிரிந்துவிட்டால், எண்ணிக்கையில் இத்தனை சிறிய நம் சமூகத்தாரிடம் வாங்குவது யார்?

2025 மார்ச்சில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலேயே ஒரு சோதனை வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் இருந்த நிலத்தை மாநகர மன்றம் 2014இல் ஒரு துணி நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அங்கே பள்ளிவாசல் எழும்பப் போகிறது என்றதும் இரு பக்கமும் சூடேறியது. கடைசியில் கோயில் ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி வேறு நிலத்துக்குப் போக உடன்பட்டது. மார்ச் 27இல் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நடப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று நாம் பேச வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் தொலைபேசியில் மெய் எது பொய் எது என்று கொதித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தெருவில் கடை உண்டு? மறுநாள் காலையில் கதவைத் திறந்து, அதே கோயிலுக்குப் போகின்றவரிடம் "வாங்கண்ணே" என்று சொல்லவேண்டியவர் நாம்!

செய்யவேண்டியது நம் கைக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள், இரவு கடை அடைத்தபின் அறையில் படுத்துக்கொண்டு எவருடைய பயானைக் கேட்கிறார்கள் என்று முதலாளிமார் விசாரிக்கவேண்டும். அதட்டுவதற்காக அல்ல, உட்கார்ந்து பேசுவதற்காக. வீட்டில் பிள்ளைகளிடமும் அப்படியே. ஊரிலிருந்து வரும் பேச்சாளர் இங்கே நிலைமை அறியாமல், அங்கத்திய கைதட்டை இங்கேயும் எதிர்பார்ப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அழைத்தவர் நாம். நாயகத்தின் வாழ்வையும் குணத்தையும், கொடுக்கல் வாங்கலில் அவர்கள் காட்டிய நேர்மையையும் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். தவ்ஹீதை விளக்கட்டும். மற்றவர் தெய்வத்தின் பெயரும், மற்ற முஸ்லிம் ஜமாஅத்தாரை நரகத்துக்கு அனுப்புவதும் நம் மேடையில் வேண்டாம்.

ரபீயுல் அவ்வல் மீலாது விழாவுக்குப் பேச்சாளரை அழைத்துக் கடிதம் எழுதும்போது, பயணச் சீட்டு, தங்குமிடம் பற்றிய விவரங்களோடு இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்துள்ள சகோதரர்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வந்து பேசலாம். வஸ்ஸலாம்.